கப்பல், அலை, கணக்கு: இந்த லைனுக்கு எப்படி வர்றது

மேத்ஸ் படிச்சிட்டு, கப்பல் ஓடுறப்ப தண்ணியும் அலையும் என்ன பண்ணுதுனு கணக்கு போடுற வேலைக்குப் போகணும்னு கேக்குறவங்களுக்கு நான் முதல்ல சொல்றது, சாஃப்ட்வேர் இப்போ வேணாம், பேப்பரும் பேனாவும் எடுங்க. இந்த வேலைல முக்கால்வாசி, எதக் கணக்குல சேக்கணும் எத விட்டுடலாம்னு முடிவு பண்றதுதான்.

ஆழமான தண்ணில அலையோட வேகத்த நீங்களே டெரைவ் பண்ணுங்க. அலைநீளத்தோட ஸ்கொயர் ரூட்ட 1.25 ஆல பெருக்குனா செகண்டுக்கு இத்தன மீட்டர்னு வந்துடும், 100 மீட்டர் அலைன்னா 12.5. ஆழம் அலைநீளத்துல பாதிக்கு மேல இருந்தா இது சரி. ஆழம் ரொம்ப கம்மின்னா அலைநீளம் கணக்குலருந்தே போயிடும், ஆழம் மட்டும்தான் மிஞ்சும். அடுத்து குரூப் வெலாசிட்டி, அதாவது அலையோட எனர்ஜி போற வேகம், ஆழமான தண்ணில எனர்ஜி அலையோட பாதி வேகத்துலதான் போகுது, இத வச்சே கப்பலுக்குப் பின்னாடி விரியுற அலை ஒவ்வொரு பக்கமும் சுமார் 19.5 டிகிரிக்குள்ள அடங்குதுனு கொண்டு வந்துடலாம். இயற்பியலாளர் கெல்வின் 1887ல சொன்னது இது. வாத்துக்கும் டேங்கருக்கும் ஒரே கோணம்! கையால போட்டு இந்த விடை வர்ற அன்னிக்கு தூக்கமே வராது.

அப்புறம் மிச்செல்னு ஒரு கணிதவியலாளர். 1898ல ஆஸ்திரேலியால இருந்துகிட்டு, கப்பல் ஒல்லியா இருக்குனு வச்சுக்குவோம், விஸ்காசிட்டிய, அதாவது தண்ணியோட பிசுபிசுப்ப, விட்டுடுவோம், அப்போ அலை உண்டாக்குறதால வர்ற ரெசிஸ்டன்ஸ ஒரே இன்டெக்ரலா எழுதிடலாம்னு காட்டினாரு, பல வருஷம் அத யாரும் பெருசா கண்டுக்கல. அத கோட் பண்ணுங்க. விக்லி ஹல்னு பரவளையத்துல செஞ்ச ஒரு எளிய கப்பல் உடம்பு வடிவம் இருக்கு, அதுக்கு டோயிங் டேங்க் (மாடல் கப்பல இழுத்து சோதிக்கிற நீளமான தொட்டி) டேட்டா நிறைய கிடைக்கும். வேகம் குறையக் குறைய இன்டெக்ரலுக்கு உள்ள இருக்குறது கன்னாபின்னானு ஆடும், இன்டெக்ரல நம்பரா கணக்கு போடுற சிம்ப்சன் ரூல்ல பாயிண்ட் பத்தாம தப்பு நம்பர் வரும். நான் ஃபார்முலாலதான் தப்புனு ரெண்டு வாரம் தேடினேன். பாயிண்ட டபுள் பண்ணி விடை மாறுதானு பாருங்க, மாறுனா, இப்படி ஆடுற இன்டெக்ரலுக்குன்னே இருக்குற ஃபிலான் முறைக்குப் போங்க.

வேகத்துக்கு எவ்வளவு ரெசிஸ்டன்ஸ்னு கிராஃப் போட்டா நீங்க கணக்கு போட்ட வளைவுல மேடு பள்ளம் டேங்க் டேட்டாவ விட பெருசா தெரியும். புரோகிராம்ல தப்புனு அழிச்சிடாதீங்க, விட்டுட்டு வந்த விஸ்காசிட்டி அங்கதான் கணக்கு கேக்குது. இத எழுத்துல விளக்க முடிஞ்சா பிஎச்டி கைடுகிட்ட தைரியமா போகலாம்.

ஆழம் கம்மியான இடத்துல கப்பலுக்கு அடில தண்ணி வேகமா ஓடி பிரஷர் குறைஞ்சு கப்பல் கொஞ்சம் கீழ இறங்கும், இதுக்குப் பேரு ஸ்க்வாட். எர்னி டக்னு ஒரு கணிதவியலாளர் 1966ல இதுக்கு நல்ல தியரி குடுத்தாரு. 1992ல குயின் எலிசபெத் 2ங்கிற பயணிகள் கப்பல் அமெரிக்கக் கரையோரம் பாறைல தட்டுனதுல ஸ்க்வாட்டுக்கும் பங்கு உண்டு, அதனால இது வெறும் பேப்பர் கணக்கு இல்ல.

பாடம்னு பாத்தா காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ், பிடிஇ (பார்ஷியல் டிஃபரென்ஷியல் ஈக்வேஷன்), அசிம்டாட்டிக்ஸ் (ரொம்ப சின்ன, ரொம்ப பெரிய அளவுகள்ல தோராயமா விடை காணுறது), ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், இந்த நாலும் கட்டாயம். ஒரு டோயிங் டேங்க்ல சில நாளாவது நில்லுங்க, மாடல் ஓடி முடிச்சதும் தண்ணி அடங்குற வரைக்கும் காத்திருக்கணும், அந்த நேரத்துல அங்க வேலை செய்றவங்ககிட்ட கேள்வி கேளுங்க. வேலை யுனிவர்சிட்டில மட்டும் இல்ல, கப்பல் தரத்த சோதிச்சு சான்றிதழ் குடுக்குற கிளாசிஃபிகேஷன் சொசைட்டி, மாடல் டெஸ்ட் பண்ற லேப், மிதக்குற காத்தாலை டிசைன் பண்றவங்கனு பல இடத்துல இருக்கு. அங்க இன்டர்வியூக்குப் போறப்ப அந்த மிச்செல் கிராஃப எடுத்துட்டுப் போங்க.