அமெரிக்க சேலத்துக்குப் போன அழைப்பு

சேலத்தில் சின்னத் தொழில் செய்பவர்கள் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ள ஒரு மாலைக் கூட்டம் நடத்துகிறோம். கொலுசுப் பட்டறை, ஜவ்வரிசி ஆலை, தறி, ஆடிட்டர், இரண்டு மூன்று ஐடி பையன்கள் என்று கலந்துகட்டி வருவார்கள். முன்பெல்லாம் போன் போட்டுக் கூப்பிடுவதோடு சரி. அழைப்பை ஆன்லைனில் அனுப்ப ஆரம்பித்த முதல் தடவை, ஜூன் மாதம், சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணி என்று நான் போட்ட அழைப்பு எல்லாருடைய காலண்டரிலும் ஞாயிறு காலை ஏழு மணிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

“என்னங்க, காலங்காத்தால டிபனுங்களா?” என்று ஒரு பட்டறைக்காரர் கேட்ட பிறகுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. இடம் என்ற கட்டத்தில் சேலம் என்று அடித்ததும் அழைப்பு அனுப்பும் டூல் முதலில் காட்டியது அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத் தலைநகரான சேலத்தை. நான் பார்க்காமல் அதைத் தட்ட, நேர மண்டலமும் கூடவே மாறிவிட்டது. கோடையில் அந்த ஊருக்கும் நமக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். அதனால் ஊர்ப் பெயரை மட்டும் அடிக்காதீர்கள். ஹாலின் முழு முகவரியைப் பின்கோடோடு கொடுத்து, நேரம் இந்திய நேரமா என்று பார்த்து, முதல் அழைப்பை உங்களுடைய இன்னொரு மெயிலுக்கு அனுப்பி போனில் திறந்து பாருங்கள்.

டூல் தானாக நிரப்பி வைத்ததை அப்படியே விடுவதில்தான் பாதித் தவறு இருக்கிறது. பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு ஃபார்ம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கும். நம் ஆட்கள் இனிஷியலை முதல் கட்டத்திலும் பெயரை இரண்டாவதிலும் போடுவார்கள், அது அவர்கள் தப்பில்லை. பேட்ஜில் பெரிய எழுத்தில் வருவது முதல் கட்டம். அன்றைக்கு ‘எம்’ என்று மட்டும் பேட்ஜ் மாட்டிக்கொண்டு மூன்று பேர் ஒரே டீ மேஜையில் நின்றார்கள். பட்டியலும் இனிஷியல் வரிசையில் அடுக்கியிருந்ததால், வாசலில் உட்கார்ந்த பையன் ஒவ்வொரு பெயருக்கும் ஆறு பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான். ஒரே கட்டம் வையுங்கள்: ‘பேட்ஜில் எப்படி வர வேண்டும்?’ பக்கத்திலேயே என்ன தொழில் என்று ஒரு கட்டம், அவ்வளவு போதும். போட்டோ, விசிட்டிங் கார்டு என்று ஃபைல் கேட்டால் கூகுள் ஃபார்ம் உள்ளே நுழைய லாகின் கேட்கும், பாஸ்வேர்ட் மறந்தவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

நம்பர் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். கூகுள் காலண்டரில் அழைத்தால், விருந்தினர் பட்டியல் எல்லாருக்கும் தெரியும்படிதான் அமைப்பு இருக்கும். அந்த டிக்கை நீங்கள்தான் எடுக்க வேண்டும். ஃபார்மில் முடிவுகளின் சுருக்கத்தைக் காட்டு என்பதை ஆன் செய்தால், பதிவு செய்கிற ஒவ்வொருவரும் மற்றவர்கள் கொடுத்த செல் நம்பரைப் பார்க்கலாம். மெயில் என்றால் முகவரிகளை பிசிசி கட்டத்தில் போடுங்கள், ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரியாது. சாதாரண ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேர்தான், அதையும் மனதில் வையுங்கள்.

ஒரே மெசேஜைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டில் ஒரு பட்டியலுக்கு 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரை சேவ் செய்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். புதிதாக ஆள் பிடிக்கத்தானே கூட்டம், அந்தப் புது ஆட்களுக்குத்தான் போகாது!

அப்புறம் சாப்பாட்டுக் கணக்கு. நான் அதிகம் பணம் விட்டது இதில்தான். ‘வருகிறேன்’ என்று டிக் அடித்தவர்கள் 140 பேர்; ஹோட்டலில் 140 பிளேட் சொன்னேன்; வந்தவர்கள் 83. நம் ஊரில் முகத்துக்கு நேரே வரமாட்டேன் என்று சொல்வது மரியாதை இல்லை, அந்தப் பழக்கம் ஃபார்முக்கும் வந்துவிடுகிறது. ‘வருவேன்’, ‘பார்க்கலாம்’ என்று இரண்டு பதில் வைத்தபோது பார்க்கலாம் பக்கம் பாதிப் பேர் போனார்கள், கணக்கு கொஞ்சம் தெளிந்தது. இப்போது பிளேட் சொல்வதற்கு முந்தின நாள் டிக் அடித்த எல்லாருக்கும் நானே போன் செய்துவிடுகிறேன். “தங்கச்சி வீட்டுல விசேஷங்க, மறந்தே போச்சுங்க” என்பதெல்லாம் போனில்தான் வெளியே வரும். அன்றைக்கு முகூர்த்த நாள் என்பதை நானும் பார்க்கவில்லை. டூலின் காலண்டரில் முகூர்த்தம் இருக்காது, தேதி குறிக்கும் முன் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரையும் ஒரு முறை பாருங்கள்.

ஏற்காட்டில் கூட்டம் வைக்கிறவர்களுக்கு ஒன்று. சேலத்திலிருந்து நேர் ரோட்டில் போனால் 20 கொண்டை ஊசி வளைவுகள், குப்பனூர் வழியாக இன்னொரு ரோடு. மழையில் மண் சரிந்தால் பாதை மாறும். பழைய மேப் லிங்க்கை மட்டும் நம்பாமல், எந்த வழி என்று அழைப்பிலேயே எழுதி, அன்று காலை இன்னொரு மெசேஜும் அனுப்புங்கள். க்யூஆர் கோடு ஸ்கேன் செய்து உள்ளே விடுவதாக இருந்தால் சிக்னல் எத்தனை கோடு வருகிறது என்று முந்தின நாளே ஹாலில் நின்று பாருங்கள். எப்படியும் பட்டியலை ஒரு பிரின்ட் எடுத்துக்கொண்டு போங்கள், இனிஷியலை விட்டுவிட்டுப் பெயர் வரிசையில்.