‘இன்னும் அஞ்சு நிமிஷம்தான்’ வேலைக்கு ஆகாது

போனில் வீடியோ பார்க்கும் ரெண்டாங்கிளாஸ் பிள்ளையிடம் "இன்னும் அஞ்சு நிமிஷம்தான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனால், அது அரை மணி நேரத்தில்தான் முடியும். தப்பு பிள்ளை மேல் இல்லை. அந்த வயதில் அஞ்சு நிமிஷம் எவ்வளவு என்று பிடிபடாது. ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடினால், நிறுத்த இடமும் கிடைக்காது.

அதனால் நான் நிமிஷத்தை விட்டுவிட்டு எண்ணிக்கைக்கு மாறினேன். யூடியூபில் ஆட்டோபிளேயை ஆஃப் செய்துவிட்டு, "ரெண்டு வீடியோ. எதெதுன்னு நீயே சொல்லு" என்று முதலிலேயே கேட்டுக்கொள்வேன். இரண்டாவது முடியப்போகும் நேரத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அந்த நாய்க்குட்டி ஏன் ஓடுது?" என்று எதையாவது கேட்பேன். பதில் சொல்லிக்கொண்டே போனைக் கையில் கொடுத்துவிடுகிறாள். பிடுங்கினால்தான் ரகளை. (முதல் வாரம் எப்படியும் ரகளைதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.)

எவ்வளவு நேரம் விடலாம் என்றால், 5 முதல் 10 வயதுவரை ஒரு நாளைக்கு 2 மணி நேரத்துக்குள் என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். டிவியும் அதில் சேர்த்திதான். பாட்டியோடு உட்கார்ந்து பார்க்கும் சீரியலை நாம் கணக்கில் எடுப்பதே இல்லை.

சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் போன் வேண்டாம். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே எல்லாப் போனும் ஹாலில் சார்ஜருக்குப் போகட்டும், அப்பாவுடையதும்தான். எங்கள் வீட்டில் இன்னும் அந்த ஒன்றுதான் படியவில்லை.