விவாதத்துக்கு மறுநாள் கருத்துக்கணிப்பைப் படிப்பவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்க அதிபர் தேர்தல் வரும் ஒவ்வொரு முறையும் கருத்துக்கணிப்புகளை அலசும் எங்கள் வேலைக்குப் புதிதாகச் சில பேர் வருவார்கள். கணக்கு நன்றாகத் தெரிந்தவர்கள்தான். ஆனால் முதல் டிவி விவாதம் முடிந்த நாலைந்து நாளில் அத்தனை பேரும் ஒரே வரைபடத்தோடு வந்து நிற்பார்கள். வேட்பாளருக்கு ஒன்றாக இரண்டு கோடுகள். விவாதம் நடந்த தேதியில் செங்குத்தாக ஒரு புள்ளிக்கோடு. அதைத் தாண்டியதும் ஒரு கோடு சரியும், இன்னொன்று ஏறும். பக்கத்தில் பெரிதாக ஓர் அம்புக்குறி. 2012-ல் அதே அம்புக்குறியை நானும் போட்டவன் என்பதால் சிரிக்கவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை.

இணையத்தில் யார் வேண்டுமானாலும் எத்தனை முறை வேண்டுமானாலும் அழுத்தக்கூடிய 'வாக்கெடுப்பு'களை நம்பாதீர்கள் என்றெல்லாம் இங்கே பாடம் எடுக்கப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

விவாதத்தில் ஜெயித்தவர் தேர்தலிலும் ஜெயிப்பார் என்பது

2004-ன் முதல் விவாதத்தில் அதிபர் புஷ்ஷை எதிர்த்து நின்ற கெர்ரிதான் நன்றாகப் பேசினார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். 2016-ன் முதல் விவாதத்துக்குப் பிறகு சி.என்.என். எடுத்த உடனடிக் கணிப்பில் கிளிண்டனுக்கு 62, டிரம்புக்கு 27. 2024 செப்டம்பரில் ஹாரிஸுக்கு 63, டிரம்புக்கு 37. மூன்று பேருமே தோற்றார்கள். "யார் நன்றாகப் பேசினார்?" என்பது ஒரு கேள்வி, "யாருக்கு ஓட்டு?" என்பது வேறு கேள்வி. நம்ம ஆள் சொதப்பிவிட்டார் என்று மனசாட்சியோடு ஒப்புக்கொள்கிறவர், அதே ஆளுக்குத்தான் ஓட்டுப் போடுவார்.

பதில் சொன்னவர்கள் மாறியதை, மனம் மாறியதாக எடுத்துக்கொள்வது

இதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தரும் தவறு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2012 அக்டோபர் 3, டென்வர். அதிபர் ஒபாமா தலையைக் குனிந்து குறிப்பெழுதிக்கொண்டிருந்தார், அவரை எதிர்த்து நின்ற ராம்னி பேசிக்கொண்டே போனார். பார்த்தவர்களில் 67 சதவீதம் பேர் ராம்னி ஜெயித்தார் என்றார்கள், ஒபாமா என்றவர்கள் 25 சதவீதம். சில நாளில் பியூ ஆய்வு மையத்தின் கணிப்பு வந்தது. ஓட்டுப் போட வாய்ப்புள்ளவர்களிடையே செப்டம்பரில் ஒபாமாவுக்கு 51, ராம்னிக்கு 43 என்று இருந்தது, இப்போது ராம்னிக்கு 49, ஒபாமாவுக்கு 45. எட்டு புள்ளி முன்னிலை போய் நாலு புள்ளி பின்னடைவு. ஒரே மாதத்தில் 12 புள்ளி!

நான் அம்புக்குறியைப் போட்டேன். அப்போது நான் இருந்த நிறுவனம் அந்த வரைபடத்தை மையமாக வைத்து வாடிக்கையாளர் ஒருவருக்கு அறிக்கை கொடுத்தது. 'ஆட்டம் திரும்பிவிட்டது' என்பது தலைப்பு. நவம்பர் 6-ஆம் தேதி ஒபாமா ஏறத்தாழ நாலு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். வாடிக்கையாளர் எங்களைத் திட்டக்கூட இல்லை, அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான்.

என்ன நடந்தது? கணிப்பு எடுப்பவர் போன் செய்தால் எல்லோரும் பேசுவதில்லை. பியூவின் சொந்தக் கணக்குப்படியே, 1997-ல் தொடர்புகொள்ள முயன்ற நூறு வீடுகளில் 36 வீடுகளில் பேட்டி கிடைத்தது, 2012-ல் வெறும் 9. இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். இரு கட்சிக்கும் சமமாக ஆயிரம் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சாதாரண வாரத்தில் இந்தப் பக்கம் 90 பேர், அந்தப் பக்கம் 90 பேர் பதில் சொல்கிறார்கள், கணிப்பு 50–50. விவாதத்தில் ஒருவர் சறுக்குகிறார். தோற்ற அணியின் ரசிகர் மறுநாள் விளையாட்டுப் பேச்சையே எடுக்கமாட்டார், இல்லையா? அதேதான். சறுக்கியவரின் ஆதரவாளர்களில் 80 பேர்தான் போனில் பேசுகிறார்கள். எதிர்ப்பக்கம் உற்சாகத்தில் 100 பேர் பேசுகிறார்கள். கணிப்பு இப்போது 44–56. பன்னிரண்டு புள்ளி வித்தியாசத்தில் முக்கால்வாசி எல்லாம் இல்லை, முழுசும் காற்று. ஒருவர்கூட மனம் மாறவில்லை.

வயது, பாலினம், கல்வி, இனம் எல்லாவற்றுக்கும் எடை கொடுத்து, அதாவது குறைவாக வந்த பிரிவினரின் பதிலைக் கூட்டி எண்ணி, சரிசெய்கிறார்களே என்று புதியவர்கள் கேட்பார்கள். சரிதான். ஆனால் சோர்ந்துபோய் போனை எடுக்காத 40 வயதுப் பெண்ணின் இடத்தில், உற்சாகமாக எடுத்த இன்னொரு 40 வயதுப் பெண் வந்து உட்கார்ந்திருக்கிறார். எடைப் பட்டியலுக்கு இருவரும் ஒருவரே. இதற்கு மேல் 'ஓட்டுப் போட வாய்ப்புள்ளவர்' என்ற சல்லடை வேறு. சோர்ந்தவர் "போடுவேனோ என்னவோ" என்றால், பேசியும் கணக்கில் வரமாட்டார். அதே பியூ கணிப்பில் பதிவு செய்த வாக்காளர்கள் அத்தனை பேரையும் எடுத்தால் 46–46, சமம். அந்த வரி என் கண் முன்னால்தான் இருந்தது. பரபரப்பு இல்லாத எண் என்று தாண்டிப் போய்விட்டேன்.

அப்புறம்தான் ஆண்ட்ரூ கெல்மன், ஷரத் கோயல், டக்ளஸ் ரிவர்ஸ், டேவிட் ராத்ஸ்சைல்டு ஆகியோரின் ஆய்வு வந்தது. அதே தேர்தலின் கடைசி 45 நாளில் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவி வழியாகத் தினமும் கேள்வி கேட்டிருந்தார்கள். பதில் சொன்னவர்களில் 93 சதவீதம் ஆண்கள், மூன்றில் இரண்டு பங்கு 30 வயதுக்குக் கீழே. இதைவிடக் கோணலான மாதிரி கிடையாது. ஆனால் ஒரே ஆட்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள், யார் எந்தக் கட்சி என்பதும் தெரியும். பார்த்தால், டென்வருக்குப் பிறகு ஒபாமாவின் ஜனநாயகக் கட்சியினர் பதில் சொல்வதே குறைந்திருக்கிறது. கட்சிச் சார்பையும் சேர்த்துச் சரிசெய்ததும் அந்தப் பெரிய ஊசலாட்டத்தின் பெரும்பகுதி காணாமல் போனது. ராம்னி பக்கம் உண்மையில் நகர்ந்தவர்கள் கொஞ்சம் பேர் இருந்தார்கள், இல்லாமல் இல்லை. பன்னிரண்டு புள்ளி இல்லை.

ஆகவே, விவாதத்துக்குப் பிந்தைய எந்தக் கணிப்பையும் எடுத்தவுடன் நான் போவது உள்ளே இருக்கும் அட்டவணைக்கு. எந்தக் கட்சிக்காரர் எத்தனை பேர், போன தேர்தலில் யாருக்குப் போட்டதாகச் சொல்கிறார்கள், இந்த இரண்டு வரிகளும் முந்தைய கணிப்பிலிருந்து எவ்வளவு நகர்ந்திருக்கின்றன? ஓட்டு நகர்ந்த அளவுக்கே அவையும் நகர்ந்திருந்தால் அம்புக்குறியை அழித்துவிடுங்கள். ஒரே ஆட்களைத் திரும்பக் கேட்கும் கணிப்பு கிடைத்தால் அதற்கு முதலிடம். கிடைக்கவில்லையா, பத்து நாள் பொறுங்கள். கட்சிச் சார்பே நிஜமாக மாறியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மாறும், ஆனால் ஒரு வாரத்தில் அவ்வளவு மாறாது.

இதைச் சொன்னவுடன் சிலர் நேர் எதிர்க் கோடிக்கு ஓடுவார்கள், விவாதத்தால் ஒன்றுமே நடக்காது என்று. ஆய்வாளர்கள் லெ பென்னெக், போன்ஸ் இருவரும் பத்து நாடுகளில் 62 தேர்தல்களையும் 56 டிவி விவாதங்களையும் அலசி, ஓட்டு யாருக்கு என்ற முடிவில் விவாதங்களின் தாக்கம் தென்படவில்லை என்றுதான் சொன்னார்கள். அது சராசரி. 2000-ல் ஃபுளோரிடா 537 ஓட்டில் முடிந்தது. அந்த ஆண்டு விவாதத்தில் புஷ் பேசும்போது கோர் விட்ட பெருமூச்சுகளுக்கு அங்கே விலை இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

அன்றிரவே முடிவு கட்டுவது

1976 அக்டோபர் 6. கிழக்கு ஐரோப்பா சோவியத் பிடியில் இருந்த காலத்தில், அங்கே சோவியத் ஆதிக்கம் இல்லை என்று அதிபர் ஃபோர்டு விவாதத்தில் சொல்லிவிட்டார். அன்றிரவு பேசிய பார்வையாளர்களுக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை, ஃபோர்டு கொஞ்சம் முன்னால்கூட இருந்தார். மறுநாள் முழுக்கச் செய்திகளில் அந்த ஒரு வாக்கியம்தான். மாலைக்குள் எதிர்த்து நின்ற கார்ட்டர் பெரிய வித்தியாசத்தில் 'வென்றுவிட்டார்'. விவாதம் ஒன்று, விவாதத்தைப் பற்றிய பேச்சு இன்னொன்று. கணிப்பு எந்த மணிநேரத்தில் எடுக்கப்பட்டது என்று பாருங்கள்.

இரண்டு புள்ளிக்குக் காரணம் தேடுவது

ஆயிரம் பேர் கொண்ட இரண்டு கணிப்புகளுக்கு இடையே முன்னிலை மாறியதன் பிழை வரம்பு, அதாவது வேறு வேறு ஆட்களைக் கேட்டதாலேயே தற்செயலாக வரக்கூடிய வித்தியாசம், ஏறத்தாழ 9 புள்ளி. தேடாதீர்கள்.

1960-ன் வானொலிக் கதை

நிக்சன்–கென்னடி விவாதத்தை வானொலியில் கேட்டவர்களுக்கு ஜெயித்தவர் நிக்சன், டிவியில் பார்த்தவர்களுக்கு கென்னடி. எல்லோருக்கும் பிடித்த கதை. அதன் அடியில் இருப்பது ஒரே ஒரு நிறுவனத்தின் கணிப்பு, அதில் வானொலி கேட்டவர்கள் முந்நூறு பேர்கூட இல்லை. அவர்கள் முன்பே நிக்சன் பக்கம் சாய்ந்தவர்களா என்றும் யாரும் பார்க்கவில்லை. விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும் விவாதத்தின் கணக்கில் எழுதுவது

2020 செப்டம்பர் 29 அன்று டிரம்பும் பைடனும் கத்திக்கொண்டார்கள். அக்டோபர் 2 அதிகாலை, டிரம்புக்குக் கொரோனா என்று செய்தி. அந்த வாரக் கணிப்பில் எது எதற்கு? பிரிக்க முடியாது. 1980-ல் ரேகன்–கார்ட்டர் விவாதம் அக்டோபர் 28, தேர்தல் நவம்பர் 4. நடுவில், ஈரானில் அமெரிக்கர்கள் பிணைக்கைதிகளாக இருந்த விவகாரம் அந்த வாரக் கடைசி முழுவதும் செய்திகளில் ஓடியது. ரேகனின் பத்துப் புள்ளி வெற்றியை, விவாதத்தில் அவர் கேட்ட "நாலு வருடம் முன்பு இருந்ததைவிட நன்றாக இருக்கிறீர்களா?" என்ற ஒரு கேள்விக்கே எழுதிவைக்க எல்லோருக்கும் ஆசை.

தவறான வரியைப் பார்ப்பது

2024 ஜூன் 27, அட்லாண்டா. பைடன் தடுமாறியதை ஐந்து கோடிப் பேர் பார்த்தார்கள். எங்கள் புதியவர்கள் ஓட்டுக் கோட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது சில புள்ளிகளுக்கு மேல் அசையவில்லை. "பார்த்தீர்களா, நீங்கள் சொன்னது போலவே விவாதத்தால் ஒன்றும் ஆகவில்லை" என்று ஒரு பையன் எனக்கே பாடம் சொன்னான். வேறு ஒரு வரியைக் காட்டினேன். அதிபராக இருக்கும் அளவுக்கு மனநலமும் நினைவாற்றலும் பைடனுக்கு இல்லை என்று சொன்னவர்கள் சி.பி.எஸ். கணிப்பில் அந்த மாதத் தொடக்கத்தில் 65 சதவீதம், விவாதத்துக்குப் பிறகு 72 சதவீதம். அவருடைய கட்சிக்காரர்கள் பயந்தது அந்த வரியைப் பார்த்துத்தான். ஜூலை 21-ஆம் தேதி பைடன் போட்டியிலிருந்து விலகினார். பையனின் வரைபடத்தில் பைடனின் நீலக்கோடு அந்தத் தேதியோடு நின்றது.