வைத்த இம்பிளான்ட் ஆடுதா? பிடுங்கி மறுபடி வைக்கும் முன் கேட்க வேண்டியவை

இம்பிளான்ட் வைத்த பல் ஆடுகிறது என்று போனால், "எடுத்துட்டுப் புதுசா வச்சிடலாம்" என்று சில இடங்களில் சட்டென்று சொல்லிவிடுவார்கள். உடனே தலையாட்டாதீர்கள். ஆடுவது மேலே பல்லாகத் தெரியும் கேப்பா, அதை உள்ளே பிடித்திருக்கும் ஸ்க்ரூவா, எலும்பில் வேர் போலப் பதிந்த டைட்டானியத் துண்டேவா என்று முதலில் கேளுங்கள், ஏனென்றால் செலவு மொத்தமும் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

ஸ்க்ரூ தளர்வதுதான் இருப்பதில் சின்னப் பிரச்சினை. கேப்பின் மேல் அடைத்திருக்கும் ஃபில்லிங்கைக் குடைந்து, அதற்கான டிரைவரை விட்டு முறுக்கிவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒரு விஷயம், கம்பெனிக்குக் கம்பெனி டிரைவர் மாறலாம். அதனால் பழைய கிளினிக்கில் கம்பெனி பெயர், அளவு, லாட் எண் உள்ள ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி வையுங்கள், அது இல்லாமல் வேறு டாக்டரிடம் போனால் எக்ஸ்ரேயைப் பார்த்து ஊகிக்கத்தான் வேண்டியிருக்கும்.

டைட்டானியமே ஆடினால் எடுத்தே ஆக வேண்டும். ஆடவில்லை, ஆனால் ஈறு வீங்கி, அழுத்தினால் சீழ் வருகிறது என்றால் சுற்றியுள்ள எலும்பு கரைந்துகொண்டிருக்கலாம். ஆரம்பத்திலேயே பார்த்தால் சுத்தம் செய்து காப்பாற்ற வாய்ப்பு உண்டு. கேப் ஒட்டிய சிமெண்ட் கொஞ்சம் ஈறுக்கடியில் தங்கிப்போனால்கூட இப்படி ஆகும். ஈறு நிபுணரோ தாடை அறுவை சிகிச்சை நிபுணரோ, வைத்தவர் அல்லாத ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

சரி, எடுக்கத்தான் வேண்டும் என்றால் செலவு எப்படி ஏறுகிறது? சென்னையில் முதல்முறை ஒரு பல்லுக்குச் சுமார் 25,000 முதல் 50,000 ரூபாய் வரை கேட்பார்கள். மறுமுறை அதோடு தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன், பழையதை எடுக்கும் கட்டணம், குழியில் எலும்பு வளர வைக்கும் எலும்புப் பொடி, அதை மூடும் சவ்வு, இடைக்காலப் பல் எல்லாம் சேரும். மொத்தத் தொகையாகச் சொன்னால் ஏற்காமல், வரிவரியாக எழுதி வாங்குங்கள். "எலும்புப் பொடி பிடிக்காவிட்டால் மறுபடி வைக்கும் செலவு யாருடையது?" என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். வாழ்நாள் வாரண்டி என்பார்கள். பெரும்பாலும் கம்பெனி தருவது புது இம்பிளான்ட் துண்டு மட்டும்தான், சர்ஜரியும் கேப்பும் உங்கள் தலையில். விபத்தில் அடிபட்டது தவிர, சாதாரண மருத்துவக் காப்பீட்டில் பல் வேலைக்குப் பணம் கிடைப்பது அபூர்வம்.

ஆடாமல் இறுகிப்போனதை எடுப்பதுதான் கஷ்டம். எதிர்த்திசையில் திருகிப் பார்ப்பார்கள், வராவிட்டால் சுற்றியுள்ள எலும்போடு வட்டமாக அறுத்து எடுப்பார்கள். அப்புறம் பொடி வைத்து எலும்பு வளர நாலைந்து மாதம், வைத்தபின் இன்னும் சில மாதம் என்று காத்திருக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு, முதலில் வைத்ததைவிட மறுபடி வைத்தது தோற்கும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம். சிகரெட் பிடிப்பவருக்கும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கும் இன்னும் அதிகம், மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பார்க்காமல் தேதி கொடுக்கும் இடத்தை நான் நம்பமாட்டேன். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ போட்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், தாடை எலும்பு ஆறாமல் அழுகும் அபாயம் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மேல்தாடையில், அதற்கு மேலே உள்ள காற்றறையான சைனஸ் துளைபடலாம். கீழ்த்தாடையில் நரம்பு அடிபடலாம். மரப்பு ஊசியின் விளைவு சில மணி நேரத்தில் போய்விடும். மறுநாள் காலையிலும் உதடும் மோவாயும் மரத்தே இருந்தால் "போகப்போகச் சரியாகும்" என்று உட்கார்ந்திருக்காமல் அன்றே போய் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். இம்பிளான்ட் நரம்பை அழுத்தினால், முதல் ஓரிரு நாளில் எடுத்தால்தான் உணர்வு திரும்ப நல்ல வாய்ப்பு.

இன்னொன்று, மறுபடி வைத்தே தீர வேண்டும் என்றில்லை. கடைசிக் கடைவாய்ப்பல் என்றால் சும்மா விட்டுவிட்டுக்கூட நன்றாக மெல்லலாம், மற்ற இடத்துக்கு பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் பிரிட்ஜோ கழற்றி மாட்டும் பல்லோ இருக்கிறது. செலவுதான் பிரச்சினை என்றால் பல் மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள் (சென்னையில் அரசுக் கல்லூரி கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது). மேற்படிப்பு மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள், ஆனால் பல தடவை போய்வர வேண்டியிருக்கும்.

பழைய எக்ஸ்ரே, பில், கையெழுத்துப் போட்ட ஒப்புதல் தாள் எதையும் தூக்கிப்போடாதீர்கள். கவனக்குறைவு என்று தோன்றினால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும், அங்கே முதலில் கேட்பது இந்தக் காகிதங்களைத்தான்.