சாய்ந்த வேம்பைச் சூளைக்கு அனுப்பாதீர்கள்

வேலூர் மாவட்டத்தில் குடியாத்தம், அணைக்கட்டு ஊர்ப் பக்கம் காற்றுமழைக்கு ஒரு வேம்பு சாய்ந்தால், பல நேரம் அது துண்டு துண்டாகிச் சூளைக்கு விறகாய்ப் போகிறது. பல வருடம் அந்த மரம் காற்றிலிருந்து உறிஞ்சிய கரியமில வாயு, எரிக்கும்போது ஒரே நாளில் திரும்ப வெளியேறிவிடும். அதே அடிமரம் வாசக்காலானால், அந்த வாசக்கால் இருக்கும் வரை வாயு மரத்துக்குள்ளேயே கிடக்கும்.

7 அடிக்கு 3½ அடி வாசல், 5×3 அங்குலச் சட்டம், கீழே கருங்கல் படி என்று வைத்தால் 1.8 கன அடி மரம் ஆகும். காய்ந்த வேம்பு கன அடிக்கு ஏறத்தாழ 20 கிலோ. ஈரம் போக அதில் பாதி கரி (கார்பன்). 1 கிலோ கரி 3.67 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஆக ஒரு வாசக்காலில் சுமார் 60 கிலோ வாயு அடங்கியிருக்கும். இதற்காக நன்றாக நிற்கிற மரத்தை வெட்டவே கூடாது. புறம்போக்கு மரமென்றால் முதலில் வருவாய்த் துறை அனுமதி வாங்குங்கள்.

சா மில்லில் வைரத்தை, அதாவது உள்ளே கருத்துக் கெட்டியான மரத்தை மட்டும் வாசக்காலுக்கு எடுங்கள். சுற்றியுள்ள வெளிர் மரத்தைப் பூச்சி அரித்துவிடும். மரத்தின் நடு மையம் சட்டத்துக்குள் வந்தால் பின்னால் பிளக்கும், ஒதுக்கி அறுக்கச் சொல்லுங்கள். சுருங்கவும் இழைக்கவும் அரை அங்குலம் கூட இருக்கட்டும்.

கெடுவது பெரும்பாலும் காயவைப்பதில்தான். சட்டத்தின் முனை வழியாக ஈரம் பல மடங்கு வேகமாகப் போகும். வேலூர் வெயிலில் சீக்கிரமே மயிரிழை வெடிப்பு ஓடும். அதனால் அறுத்த அன்றே இரு முனைக்கும் கெட்டியாகப் பெயின்ட் அடியுங்கள். நிழலில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் செங்கல் வைத்து அடுக்குங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே 2 அடிக்கு ஒன்றாக 1 அங்குல ரீப்பர் (மெல்லிய மரக்குச்சி) வேண்டும். மேல் ரீப்பர் கீழ் ரீப்பருக்கு நேராக நிற்காவிட்டால் சட்டம் வளையும். மேலே தகரம் போட்டுக் கல் ஏற்றுங்கள். பிளாஸ்டிக் தாள் மூடினால் ஈரம் அடைந்து பூஞ்சை பிடிக்கும். 3 அங்குலச் சட்டம் காய ஒரு வருடமாவது ஆகும். ஒரு சட்டத்தில் குறியிட்டு 15 நாளுக்கு ஒருமுறை எடை பாருங்கள். வெயில் காலத்தில் அடுத்தடுத்து இரண்டு முறை எடை மாறாவிட்டால் தச்சரிடம் கொடுக்கலாம்.

பொருத்தும்போது சுவரை ஒட்டும் பக்கத்துக்கு பிரைமர் இரண்டு கோட். படிக்கல்லில் குழி வெட்டிச் சட்டத்தின் காலை இறக்காதீர்கள். வாசல் கழுவுகிற தண்ணீர் குழியில் தேங்கி, அங்கேதான் முதலில் அழுகும். பதிலுக்கு இரும்பு முளை வைத்து, கால் அடியிலும் பிரைமர் அடித்து நிறுத்துங்கள்.