பொதுத்தேர்வு அறைக் கண்காணிப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பது எப்படி?

தேர்வு தொடங்குவதற்கு முந்தைய நாள் நடக்கும் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தேர்வு மையத்துக்குப் பொறுப்பான முதன்மைக் கண்காணிப்பாளர் கையேட்டை எடுத்து வரிவரியாக வாசிப்பார். பின்வரிசையில் யாரோ பஸ் நேரம் விசாரித்துக்கொண்டிருப்பார். டீ வரும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் உட்கார்ந்து எழுந்து வந்திருக்கிறேன்.

முதல்முறை நானே முதன்மைக் கண்காணிப்பாளரானபோது அதே மாதிரி ஒரு கூட்டம் நடத்தினேன். பிளஸ் டூவில் உயிரியலும் தாவரவியலும் ஒரே நாளில் வந்தன. ஓர் அறையில், உயிரியலுக்குப் பதில் தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியாகப் படிக்கும் தூய அறிவியல் பிரிவுப் பிள்ளைகள் நாலு பேர். அதில் ஒரு பெண்ணுக்குத் தாவரவியலுக்குப் பதில் உயிரியல் வினாத்தாள் போய்விட்டது. கேட்கப் பயந்து, வாசிப்பதற்கான பத்து நிமிடமும் கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள். அந்த அறை ஆசிரியர் இருபது வருட அனுபவசாலி. முந்தைய நாள் நான் வாசித்ததை எல்லாம் கேட்டவர்தான். கேட்டாரே ஒழிய, ஒருமுறைகூடக் கையால் செய்து பார்க்கவில்லை.

பயிற்சி என்றால் அறிவுரையை வாசித்துக் காட்டுவது இல்லை, உறையைக் கையில் கொடுத்துப் பிரிக்க வைப்பது என்று அன்றைக்கு உறைத்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் நான் செய்வதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். முதன்முதலாக ஆணை வாங்கியிருக்கும் தலைமையாசிரியர்களை மனதில் வைத்து எழுதியது. அரசுத் தேர்வுகள் இயக்ககம் தரும் கையேட்டுக்கு இது மாற்று அல்ல. கையேட்டை முதலில் நீங்கள் இரண்டு முறை படியுங்கள். பிறகு இதைச் செய்யுங்கள்.

1. முதலில் பெயர்ப் பட்டியல்

பயிற்சிக்கு முன்பே பட்டியலை எடுத்து உட்காருங்கள். தன் பள்ளி மாணவர்கள் எழுதும் மையத்தில் அந்தப் பள்ளி ஆசிரியர் அறைக் கண்காணிப்பாளராக இருக்கக்கூடாது. இயற்பியல் தேர்வன்று இயற்பியல் ஆசிரியர் அறையில் இருக்கக்கூடாது. இந்த இரண்டும் எல்லோருக்கும் தெரியும். கேட்காமல் விட்டுப்போவது மூன்றாவது கேள்வி: "உங்க பிள்ளை, அண்ணன் பிள்ளை, பக்கத்து வீட்டுப் பிள்ளை யாராவது இந்த சென்டர்ல எழுதுறாங்களா?" பொதுவில் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டு, எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். இருப்பதைச் சொன்னவரைக் குற்றவாளி மாதிரிப் பார்க்காதீர்கள். அவரைத் தேர்வு வேலையில் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டால் விஷயம் முடிந்தது.

யாருக்கு எந்த அறை என்பது அன்றன்று காலை குலுக்கலில்தான். அதையும் பயிற்சியிலேயே ஒருமுறை நடத்திக் காட்டுங்கள். தரைத்தளத்தில் மின்விசிறி நன்றாகச் சுற்றும் அறைக்கு எல்லோரும் ஆசைப்படுவார்கள். "மூட்டு வலி சார், மாடி ஏற முடியாது" என்று ஒருவர் சொன்னால் அது உண்மையாகவும் இருக்கலாம். அதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குலுக்கல் முடிந்த பிறகு அறை மாற்றம் கிடையாது என்பதில் மட்டும் வளையாதீர்கள்.

2. ஒரு வகுப்பறையைத் தேர்வறை ஆக்குங்கள்

கூட்ட அரங்கம் வேண்டாம். நிஜமாகவே தேர்வு நடக்கப்போகும் அறை ஒன்றில் இருபது இருக்கை போடுங்கள். ஓர் அறைக்கு இருபது பேர் என்பதுதான் நம் கணக்கு. தேவைப்படுபவை: பழைய வினாத்தாள்கள், பழுப்பு உறைகள், விடைத்தாளின் முன்னால் வைக்கும் முகப்புத் தாள்களின் நகல்கள், பழைய விடைத்தாள், வருகைத் தாள், நூல், ஊசி. பழைய வினாத்தாள்களை உறையில் போட்டு ஒட்டி, மேலே தேதி, பாடம், அறை எண், எண்ணிக்கை எழுதுங்கள். இரண்டு உறையில் வேண்டுமென்றே தப்பு வையுங்கள். ஒன்றில் பாடம் மாறியிருக்கட்டும், இன்னொன்றில் ஒரு தாள் குறையட்டும்.

எட்டுப் பத்து ஆசிரியர்கள் மாணவர்களாக உட்காரட்டும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சீட்டு கொடுங்கள். "நீங்கள் பிட் வைத்திருக்கிறீர்கள்." "முகப்புத் தாளில் உங்கள் படம் இல்லை." "அரை மணி நேரத்தில் கழிப்பறை போகவேண்டும் என்பீர்கள்." "எழுதியதை எல்லாம் கோடு போட்டு அடிப்பீர்கள்." ஆசிரியர்கள் மாணவர்களாக நடிக்கும்போது இவ்வளவு உற்சாகம் எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை. முப்பது வருடம் பிட் பிடித்தவர்களுக்குப் பிட் ஒளித்து வைக்கும் இடமெல்லாம் அத்துப்படி.

3. கைப்பேசி

இதை நீட்டி முழக்க வேண்டாம், ஒரு சம்பவம் போதும். 2015 மார்ச்சில் பிளஸ் டூ கணிதத் தேர்வு நடந்துகொண்டிருக்கும்போதே, ஓசூரில் ஒரு தேர்வு மையத்திலிருந்து வினாத்தாள் படமாக வாட்ஸ்அப்பில் வெளியே போனது. அனுப்பியவர்கள் மாணவர்கள் அல்லர், கண்காணிப்புப் பணிக்கு வந்த ஆசிரியர்கள். கைது வரை போனது.

இதைச் சொன்னதும் அறை அமைதியாகிவிடும். அந்த அமைதியிலேயே ஒரு பெட்டியைச் சுற்றுக்கு விட்டு எல்லோர் போனையும் அணைத்துப் போடச் சொல்லுங்கள். பெயர் எழுதிய உறைக்குள் போட்டால் திரும்ப எடுக்கும்போது குழப்பம் வராது. உங்கள் போனை முதலில் போடுங்கள். அவசரம் என்றால் வீட்டிலிருந்து கூப்பிட அலுவலகத் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டால், "அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க சார்" என்ற கவலையும் தீரும். கடிகாரம் சாதாரணக் கடிகாரமாக இருக்கட்டும். கைப்பேசியோடு பேசும் ஸ்மார்ட் வாட்ச்சும் பெட்டிக்குள்தான்.

4. உறை பிரிக்கும் பயிற்சி

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். பயிற்சி ஒன்றரை மணி நேரம் என்றால் அரை மணி இதற்குக் கொடுங்கள்.

வினாத்தாள், அதைப் பூட்டி வைத்திருக்கும் கட்டுக்காப்பு மையத்திலிருந்து காவலோடு வருகிறது. வழித்தட அலுவலர் கொண்டுவருகிறார். உங்களிடமும், மையத்தில் உங்களோடு பொறுப்பில் இருக்கும் துறை அலுவலரிடமும் சேர்கிறது. அதிலிருந்து அறைக் கண்காணிப்பாளர் கைக்குப் போகிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் "இது என்ன, எத்தனை, எத்தனை மணிக்கு" என்று எழுத்தில் இருக்கவேண்டும். அது இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு 2018இல் சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்புப் பொருளியல் தாள் கசிந்த கதையைச் சொல்வேன். இமாச்சலப் பிரதேசத்தில் ஊனாவில், வங்கிப் பெட்டகத்திலிருந்து வேறொரு பாடத்தின் வினாத்தாளை எடுக்கப் போனவர் பொருளியல் கட்டையும் சேர்த்து எடுத்து வந்துவிட்டார் என்றது காவல்துறை. நாடு முழுக்கப் பிள்ளைகள் ஏப்ரல் 25ஆம் தேதி மறுபடி அந்தத் தேர்வை எழுதினார்கள். பூட்டு உடையவில்லை. எடுத்த கட்டு எது என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது ஒவ்வொருவரையும் தனித்தனியாக எழுப்பி உறையைக் கொடுங்கள். வாங்கியதும் அங்கேயே நின்று உறை மேல் இருப்பதைச் சத்தமாக வாசிக்க வேண்டும்: தேதி, பாடம், அறை, எண்ணிக்கை. மனதுக்குள் வாசித்தால் கண் தனக்குப் பழக்கமானதைத்தான் பார்க்கும். "உயிரியல்" என்று எதிர்பார்த்து வந்தவருக்குத் "தாவரவியல்" கண்ணில் படாது. வாய்விட்டு வாசித்தால் நாக்கு இடறும். பிறகு அறைக்குப் போய், உறை பிரிக்கப்படாமல் இருப்பதை மாணவர்களிடம் காட்டி, இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி, மணி அடித்த பிறகு பிரிக்க வேண்டும். அதற்கு ஒரு நிமிடம் முன்னாலும் கூடாது. நீங்கள் தப்பு வைத்த உறை யார் கைக்குப் போகிறதோ, அவர் அதைக் கண்டுபிடிக்கிறாரா என்று பாருங்கள். போன வருடம் பன்னிரண்டு பேரில் மூன்று பேர் கவனிக்காமல் பிரித்துவிட்டார்கள். திட்டவில்லை. இன்னொரு உறை கொடுத்து மறுபடி செய்யச் சொன்னேன்.

மிச்சத் தாள்கள் மேசையில் கிடக்கக்கூடாது. வராதவர்களின் வினாத்தாளை எண்ணி உங்களிடம் திருப்பி அனுப்பும் வரை அந்த அறைக் கணக்கு முடியவில்லை.

5. பத்து மணியிலிருந்து பத்தே கால் வரை

பத்து மணிக்கு வினாத்தாள் கொடுத்ததும் வாசிக்கப் பத்து நிமிடம். அடுத்த ஐந்து நிமிடம் விடைத்தாளின் முகப்பு விவரங்களைச் சரிபார்க்க. பத்தே காலுக்கு எழுதத் தொடங்கி ஒன்றே காலுக்கு முடிவு. இந்தப் பதினைந்து நிமிடத்தில் ஆசிரியர் நாற்காலியில் உட்காரக்கூடாது.

முகப்புத் தாளில் மாணவரின் படம், பதிவெண், பாடம், பட்டைக்குறி எல்லாம் ஏற்கெனவே அச்சாகி வருகின்றன. மாணவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும். எல்லாம் அச்சில் இருப்பதால் நம் ஆசிரியர்களுக்கு ஒரு மெத்தனம் வருகிறது. முகப்புத் தாள் பக்கத்து இருக்கைக்கு மாறிப் போய்விட்டால் ஒருவர் மதிப்பெண் இன்னொருவருக்குப் போகும். ஆகவே ஒவ்வொரு இருக்கையிலும் நின்று மூன்றைப் பார்க்கவேண்டும்: முகம், ஹால் டிக்கெட் படம், முகப்புத் தாள் படம். 2019இல் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் வெளிவந்த நீட் ஆள்மாறாட்டம் நினைவிருக்கும். தேர்வறையில் நழுவியது, சேர்க்கைக்குப் பிறகுதான் முகமும் படமும் பொருந்தவில்லை என்று பிடிபட்டது. ஒரு பிள்ளைக்கு ஐந்து விநாடி போதும். சந்தேகம் இருந்தால் அங்கேயே விசாரணை வைக்காமல் உங்களுக்கு ஆள் அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை எழுதிக்கொண்டிருக்கட்டும்.

6. பிட் கிடைத்தால்

இதுவரை சீட்டு வைத்துக்கொண்டு காத்திருந்த "மாணவர்கள்" இப்போது களத்தில் இறங்கட்டும். பெரும்பாலான ஆசிரியர்கள் செய்யும் முதல் காரியம் தாளைப் பிடுங்குவது. இரண்டாவது காரியம் கத்துவது. இரண்டும் கூடாது. மற்ற பத்தொன்பது பிள்ளைகள் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மெல்லப் போய் "கையை மேசை மேல வைப்பா" என்று சொல்லவேண்டும். துண்டுத்தாளை மாணவர் கண் முன்பே எடுக்கவேண்டும், வெளியே நிற்பவர் மூலம் உங்களை அழைக்கவேண்டும். குற்றமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது அறைக் கண்காணிப்பாளர் வேலை இல்லை. தான் பார்த்ததை எழுதுவதுதான் அவர் வேலை: எத்தனை மணிக்கு, எங்கே இருந்தது, என்ன எழுதியிருந்தது. அடிக்கவே கூடாது. பெண் பிள்ளைகளைச் சோதிக்கப் பெண் ஆசிரியர் மட்டும்தான்.

எழுதிய விடைகளை எல்லாம் தானே கோடு போட்டு அடிக்கும் மாணவரும் ஒழுங்கீனப் பட்டியலில்தான் வருவார். அந்தத் தேர்வு ரத்து ஆவதோடு அடுத்த இரண்டு பருவங்களுக்கு எழுத முடியாது. இது பல பிள்ளைகளுக்குத் தெரியாது. மதிப்பெண் குறையும் என்று பயந்து, மறுபடி எழுதிக்கொள்ளலாம் என நினைத்து அடிக்கிறார்கள். பேனா பக்கம் பக்கமாக ஓடுவதைக் கண்டதும் ஆசிரியர் போய் நிறுத்தினால் ஒரு வருடம் மிஞ்சும். வெறும் பக்கத்தைக் கடைசியில் கோடிட்டு அடிப்பது வேறு, அது வழக்கமானது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று அழுத்திச் சொல்லுங்கள்.

பறக்கும் படை வரும்போது எழுந்து நின்று அறைத் திட்டத்தைக் காட்டினால் போதும். பதற்றத்தில் சில ஆசிரியர்கள் பிள்ளைகளைத் தாங்களே சோதிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

7. கதவு திறப்பதற்கு முன் எண்ணிக்கை

ஒன்றே காலுக்கு மணி அடித்ததும் எல்லோரும் உட்கார்ந்திருக்க, ஆசிரியர்தான் இருக்கை இருக்கையாகப் போய் விடைத்தாள் வாங்கவேண்டும். பதிவெண் வரிசையில் அடுக்கவேண்டும். வந்தவர் எத்தனை, வராதவர் எத்தனை, கூட்டினால் இருபது வருகிறதா என்று பார்த்த பிறகுதான் கதவு திறக்கவேண்டும். பயிற்சியில் ஒரு "மாணவர்" விடைத்தாளைக் கொடுக்காமல் நழுவட்டும். பத்தொன்பது தாளோடு கதவு திறந்த ஆசிரியர் அதை வாழ்நாளில் மறக்கமாட்டார்.

பயிற்சிக்கு யாரும் கூப்பிடாதவர்கள்

ஆசிரியர்கள் கிளம்பிய பிறகு இன்னொரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். தண்ணீர் கொடுக்கும் அக்கா, மணி அடிப்பவர், துப்புரவுப் பணியாளர், இரவுக் காவலர். அறை அறையாகச் சுதந்திரமாக நடமாடுபவர்கள் இவர்கள்தான். இவர்களுக்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லை. "அக்கா, இதை அந்த ரூம்ல என் தங்கச்சிக்குக் குடுத்துருங்க" என்று ஒரு பிள்ளை பேனா ஒன்றைக் கொடுத்தால் அவர் பாவம் என்று வாங்கிக்கொள்வார். ஒருமுறை எங்கள் மையத்தில் அப்படி ஒரு பேனா வந்தது. மூடிக்குள் ஒன்றும் இல்லை, நல்லவேளை. அதற்கப்புறம் அக்காவுக்கு ஒரே ஒரு விஷயம்தான் சொல்லிக்கொடுத்தேன்: "தண்ணியைத் தவிர எது வந்தாலும் வாசல்ல நிக்கிற சார்கிட்ட குடுங்க." அடுத்த நாள் அக்கா என்னிடமே வந்து, நான் வேறொரு அறைக்குக் கொண்டுபோகச் சொன்ன சாக்பீஸ் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார்.