வாலைத் தலைக்குக் கொண்டுவருவது: ஆங்கிலத்தில் கருத்துச் சொல்லத் தொடங்கும் விதம்

"மழை வரும்னு நினைக்கிறேன்" என்கிறோம். மழை முதலில் வருகிறது, நினைப்பு கடைசியில். ஆங்கிலத்தில் இது தலைகீழ்: "ஐ திங்க் இட்ஸ் கோயிங் டு ரெயின்." தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பேசுகிறவர் விஷயத்திலிருந்தே தொடங்குவார். "திஸ் பிளான் இஸ் ராங்" என்று வாயிலிருந்து வந்துவிடும். வாலில் வரவேண்டிய "-னு தோணுது" வராமலே போய்விடும். பேசியவர் மனசில் அது ஒரு கருத்து, கேட்டவர் காதில் அது தீர்ப்பு.

அதனால் ஐம்பது சொற்றொடர்களை மனப்பாடம் செய்யும் முன், உங்கள் தமிழ் வாக்கியத்தின் வால் என்னவென்று பாருங்கள். "-னு நினைக்கிறேன்" என்றால் "ஐ திங்க்". "போல இருக்கு" என்றால், கண்ணால் பார்த்ததை வைத்துச் சொல்லும்போது "இட் லுக்ஸ் லைக்", காதில் விழுந்ததை வைத்துச் சொல்லும்போது "இட் சவுண்ட்ஸ் லைக்". "கடையை மூடிட்டாங்களாம்" என்பதில் இருக்கும் "ஆம்" இருக்கிறதே, அதற்கு "அப்பேரன்ட்லி" கச்சிதம்: "அப்பேரன்ட்லி, தே'வ் க்ளோஸ்ட் த ஷாப்." நான் பார்க்கவில்லை, சொன்னார்கள் என்ற பொருள் அந்த ஒரே சொல்லில் வந்துவிடும். அழுத்தம் "பே" மேல் விழவேண்டும்.

இவற்றில் அதிகம் புழங்குவது "ஐ திங்க்". அதையே பலர் தவறாக ஒலிக்கிறார்கள். "ஐ திங்க் த மீட்டிங் இஸ் ஆன் மண்டே" என்பதில் "மண்டே"யை அழுத்தினால் அது சாதாரணத் தகவல். "திங்க்"கை அழுத்தினால் "திங்கள்னுதான் நினைக்கிறேன், எதுக்கும் பார்த்துக்கோங்க" என்று பொருள். "ஐ"யை அழுத்தினால் "மத்தவங்க எப்படியோ, நான் இப்படி நினைக்கிறேன்". "திங்க்" சொன்னதும் நிறுத்தாமல் அடுத்த சொல்லோடு சேர்த்துவிடுங்கள். நடுவில் "தட்" பேச்சில் பெரும்பாலும் வேண்டியதில்லை. "ஐ ஆம் திங்கிங்" என்பது கருத்து அல்ல, ஓடிக்கொண்டிருக்கும் யோசனை: "ஐ'ம் திங்கிங் ஆஃப் பையிங் எ பைக்" என்றால் பைக் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று பொருள்.

எதிர்மறையில் இன்னொரு சிக்கல். "அவன் வரமாட்டான்னு நினைக்கிறேன்" என்பதை "ஐ திங்க் ஹீ வோன்ட் கம்" என்றால் இலக்கணத்தில் தப்பில்லை, ஆனால் கொஞ்சம் அடித்துச் சொல்வதுபோல் இருக்கும். இயல்பான ஆங்கிலத்தில் எதிர்மறை முன்னால் வந்துவிடும்: "ஐ டோன்ட் திங்க் ஹீ'ல் கம்." நமக்கு இது இடறக் காரணம் இருக்கிறது. "அவன் வருவான்னு நினைக்கலை" என்று தமிழில் சொன்னால், எதிர்பார்க்கவில்லை, ஆனால் வந்துவிட்டான் என்று ஆகிவிடும். ஆங்கிலத்தில் அந்தப் பொருள் வராது, தயங்க வேண்டாம். "ஹோப்"புக்கு மட்டும் இந்த வழி செல்லாது: "ஐ ஹோப் இட் டஸன்ட் ரெயின்" என்றுதான் சொல்லவேண்டும்.

அடுத்து, நம் ஊரில் நேர்முகத் தேர்வுகளில் தவறாமல் காதில் விழும் "அகார்டிங் டு மீ". "என்னைப் பொறுத்தவரை" என்பதன் நேர்ப்பெயர்ப்பு. "அகார்டிங் டு" என்பது வேறொருவரைச் சான்றாகக் காட்டும் சொல்: "அகார்டிங் டு த டாக்டர்", "அகார்டிங் டு த பேப்பர்". தன்னையே சான்றாகக் காட்டுவது விநோதமாக ஒலிக்கும். அகராதி பார்த்து "ஆஸ் ஃபார் ஆஸ் ஐ'ம் கன்சர்ன்ட்" என்று மாற்றினாலும் ஆபத்து, பல இடங்களில் அதில் "நீங்க என்ன சொன்னாலும் சரி" என்ற தொனி ஏறிவிடும். "இன் மை ஒப்பீனியன்" போதும். "பாயின்ட் ஆஃப் வியூ" வந்தால் முன்னால் "ஃப்ரம்": "ஃப்ரம் மை பாயின்ட் ஆஃப் வியூ". இரண்டையும் குழப்பி "இன் மை பாயின்ட் ஆஃப் வியூ" என்பதும், "ஐ திங்க் இன் மை ஒப்பீனியன்" என்று அடுக்குவதும் அன்றாடம் கேட்கும் பிழைகள்.

ஒவ்வொரு தொடக்கத்துக்கும் ஓர் எடை உண்டு. வாடகைக்கு வீடு பார்க்கிறீர்கள், "த ரென்ட் இஸ் டூ ஹை" என்று சொல்லவேண்டும் என்று வையுங்கள். முன்னால் "ஐ சப்போஸ்" போட்டால், மனசில்லாமல் ஒப்புக்கொள்கிறீர்கள். "ஐ கெஸ்" அமெரிக்கப் பேச்சில் அதிகம், "ஐ ரெக்கன்" பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும். "ஐ'ட் சே" குத்துமதிப்புக்கு நல்லது: "ஐ'ட் சே டென் தௌசண்ட் இஸ் ஃபேர்." "இஃப் யூ ஆஸ்க் மீ" என்பதை யாரும் கேட்காதபோதும் சொல்வார்கள், நண்பர்களிடம் சரி, முதல்முறை சந்திக்கும் மேலதிகாரியிடம் வேண்டாம். "டு பி ஆனஸ்ட்" என்றால் கேட்பவர் கசப்பான ஒன்றுக்குத் தயாராவார். விருந்து வைத்தவரிடம் "டு பி ஆனஸ்ட், த ஃபுட் வாஸ் குட்" என்றால், மோசமாக இருக்கும் என்று எதிர்பார்த்து வந்தீர்களா என்று அவருக்குத் தோன்றும்.

யோசனை சொல்லும்போது பின்னால் வரும் வினைச்சொல்லின் வடிவம்தான் காலை வாரும். "போகலாமே?" என்பதற்கு "வொய் டோன்ட் வீ கோ?", வினை வெறுமனே நிற்கும். "ஹௌ அபௌட்" வந்தால் "கோயிங்". "வெள்ளிக்கிழமைக்கு மாத்தினா என்ன?" என்பதற்கு "வாட் இஃப் வீ மூவ்ட் இட் டு ஃப்ரைடே?" இங்கே "மூவ்ட்" நடந்து முடிந்ததைச் சொல்லவில்லை, யோசனையை மென்மையாக்குகிறது. "மாத்தினா" என்பதிலும் இறந்தகாலத்தின் சாயல்தானே இருக்கிறது, அதை நினைத்துக்கொண்டால் மறக்காது. "சஜெஸ்ட் மீ எ குட் ஹோட்டல்" வேண்டாம், "கேன் யூ ரெக்கமெண்ட் எ குட் ஹோட்டல்?" என்று கேளுங்கள். "ஐ சஜெஸ்ட் டு கோ" இல்லை, "ஐ சஜெஸ்ட் கோயிங்".

மறுத்துப் பேச "ஐ ஸீ யுவர் பாயின்ட், பட்" எங்கும் செல்லும். "ஐ'ம் நாட் ஸோ ஷுர் அபௌட் தட்" என்று ஒருவர் உங்களிடம் சொன்னால், அவர் சந்தேகம் கேட்கவில்லை, பெரும்பாலும் மறுக்கிறார். "தப்பா நினைச்சுக்காதீங்க" என்பதற்கு "வித் ஆல் ட்யூ ரெஸ்பெக்ட்" என்று போடாதீர்கள். மரியாதைச் சொல் போலத் தெரிந்தாலும் சண்டைக்கு முன் சட்டைக் கையை மடிக்கும் சத்தம் அதில் உண்டு. "டோன்ட் கெட் மீ ராங்" சரியாகப் பொருந்தும். ஒப்புக்கொள்ள "ஐ அக்ரீ" போதும், "ஐ ஆம் அக்ரீ" என்று நடுவில் "ஆம்" சேர்க்கக் கூடாது.

வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் பலர் எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ்ஸில், பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம். அதில் கருத்துக் கேட்கும் மூன்றாம் பகுதி 4 முதல் 5 நிமிடம். அந்த நேரத்தில் ஒவ்வொரு பதிலையும் "இன் மை ஒப்பீனியன்" என்றே தொடங்கினால் மனப்பாடம் என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். இரண்டுக்கு ஒன்று தொடக்கமே இல்லாமல் நேராகப் பதில் சொல்லி, "பிகாஸ்" என்று காரணத்துக்குப் போய்விடுங்கள்.

பயிற்சிக்கு ஒரு வாக்கியம் போதும். "த ரென்ட் இஸ் டூ ஹை" என்பதையே ஐந்து தொடக்கங்களோடு, ஒவ்வொன்றும் மூன்று முறை, போனில் பதிவு செய்து கேளுங்கள். "திங்க்" சொல்லும்போது நாக்கு நுனி பற்களுக்கு நடுவே வந்து காற்று கசியவேண்டும். நம் "த" காற்றை அடைத்துவிடும், அதனால்தான் அது "டிங்க்" போலக் கேட்கிறது. தொடக்கத்துக்கும் விஷயத்துக்கும் நடுவே "ம்ம்ம்" வந்தால், பின்னால் வரவேண்டிய வாக்கியம் இன்னும் தயாராகவில்லை என்று பொருள், அதை மட்டும் தனியாகச் சொல்லிப் பழகிவிட்டு மறுபடி சேருங்கள்.

பேச்சு வேகத்தில் தொடக்கத்தை மறந்து "இட்ஸ் டூ எக்ஸ்பென்சிவ்" என்று போட்டு உடைத்துவிட்டால் பதற வேண்டாம். கடைசியில் குரலைத் தாழ்த்தி "ஐ திங்க்" என்று ஒட்டிவிடுங்கள். ஆங்கிலேயர்களும் அப்படிப் பேசுவதுண்டு, தமிழ் வால் அங்கே அப்படியே செல்லும்.